கான்சாகிபு யூசுஃப் கான்: வீரர் என்பதும் ஷஹீத் என்பதும்

நமது ஆலங்காயம், வாணியம்பாடி, ஆம்பூர் வட்டாரங்களில் சுதந்திர தின விழா நடைபெறும் இடங்களில், விடுதலைப் போரில் பங்குகொண்ட முஸ்லிம்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றை மேடையருகே எழுதி வைப்பது சில ஆண்டுகளாக வழக்கமாகி வருகிறது. நல்ல வழக்கமே. பாடநூல்களில் ஓரிரு வரிகளோடு நின்றுவிடும் பெயர்களை நம் பிள்ளைகள் அங்கேயாவது காண்கின்றனர். ஆலங்காயத்தில் நாம் கலந்துகொண்ட விழா ஒன்றில் அத்தகைய பட்டியலின் முதற்பெயராக 'ஷஹீத் கான்சாகிபு மருதநாயகம்' என்று எழுதப்பட்டிருந்தது. விழா முடிந்ததும் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து நம்மிடம் ஓதும் மாணவர் ஒருவர் அருகில் வந்து, "ஹஜ்ரத், எங்கள் பக்கத்தில் இவரை வேறு விதமாகச் சொல்வார்களே! பூலித்தேவரின் கோட்டைகளைப் பிடித்தவர் இவர்தானே? இவர் எப்படி முதல் தியாகி ஆவார்?" என்று கேட்டார். அங்கேயே ஒரு வரியில் சொல்லி அனுப்பக்கூடிய கேள்வியாக அது இல்லை.

கேள்வி அம்மாணவருடையது மட்டுமன்று. 1997 அக்டோபர் 16 அன்று, இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத் முன்னிலையில் நடிகர் கமல்ஹாசன் 'மருதநாயகம்' திரைப்படத்தைச் சென்னையில் தொடங்கினார். அப்படம் இன்றளவும் முடிவுபெறவில்லை. எனினும் அது எழுப்பிய விவாதம் ஓயவில்லை. ஆங்கிலேயரை எதிர்த்துத் தூக்குமேடை ஏறிய மாவீரர் என்பார் ஒரு சாரார். ஆங்கிலேயரின் சம்பளம் பெற்றுத் தமிழ்ப் பாளையக்காரர்களை அழித்தவர் என்பார் மறு சாரார். (யூசுஃப் கான் தூக்கிலிடப்பட்டது 1764 அக்டோபர் 15. அவரைத் தூக்கிலேற்றிய தரப்பாரின் நாட்டு அரசி, இருநூற்று முப்பத்து மூன்று ஆண்டுகளும் ஒரு நாளும் கழித்து அவரைப் பற்றிய படத்தைத் தொடங்கி வைக்க வந்தது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.)

இக்கதையின் வேர் நம் மண்ணிலேயே இருக்கிறது. ஆலங்காயத்திலிருந்து வாணியம்பாடி வழியே ஆம்பூர் செல்வோர் கடக்கும் அந்த நிலத்தில்தான் 1749 ஆகஸ்ட் 3 அன்று ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் போரில் கொல்லப்பட்டார். எதிரே நின்றவர்கள் சந்தா சாகிபும், முஸப்பர் ஜங்கும், அவர்களுக்குத் துணையாக வந்த பிரெஞ்சுப் படையும். மூத்த மகன் மஹ்பூஸ் கான் சிறைப்பட்டார். இளையவர் முஹம்மது அலி திருச்சிராப்பள்ளிக்குத் தப்பி, ஆங்கிலக் கும்பெனியின் கையைப் பற்றினார். அந்தத் திருச்சிராப்பள்ளி முற்றுகைப் போர்களில்தான் யூசுஃப் கான் என்ற சிப்பாய்த் தலைவரின் பெயர் முதன்முதலில் ஓங்கியது. ஆம்பூர்ப் போர் நிகழாதிருந்தால் கான்சாகிபும் இல்லை எனலாம்.

அவர் இராமநாதபுரச் சீமையின் பனையூரில் வேளாளர் குடியில் மருதநாயகம் என்ற பெயரோடு பிறந்து, இளமையிலேயே வீட்டைவிட்டு வெளியேறி இஸ்லாத்தைத் தழுவினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. கும்பெனிப் படையில் ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸின் நன்மதிப்பைப் பெற்றுச் சிப்பாய்கள் அனைவருக்கும் தளபதியானார். தங்கப் பதக்கமும் பெற்றார். 1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, வெளியே நின்று அப்படையின் உணவு வழிகளை இடைவிடாது அலைக்கழித்தவர்களுள் இவர் முதன்மையானவர். அதற்கு அடுத்த கட்டமே மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் நிர்வாகம். ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய்க் குத்தகை. கண்மாய்களைச் சீர்செய்தார், வழிப்பறியை அடக்கினார், நெசவாளரையும் வணிகரையும் ஆதரித்தார், மதுரை மீனாட்சியம்மன் கோவிலுக்கு நின்றுபோயிருந்த மானியங்களை மீட்டளித்தார். அவர் ஆட்சியைக் குறை கூறுவோரும் இவற்றை மறுப்பதில்லை.

அதே கைகள்தாம் பூலித்தேவரையும் வீழ்த்தின. 1761இல் நெற்கட்டும்செவலும் வாசுதேவநல்லூரும் யூசுஃப் கானின் பீரங்கிகளுக்கு முன் விழுந்தன. கட்டாலங்குளம் அழகுமுத்துக்கோனைப் பீரங்கி வாயில் வைத்துச் சுட்டவரும் இவரே என்று அப்பகுதி மக்கள் நம்புகின்றனர். பூலித்தேவருக்கு நெற்கட்டும்செவலிலும் அழகுமுத்துக்கோனுக்குக் கட்டாலங்குளத்திலும் தமிழக அரசு மண்டபம் எழுப்பியிருக்கிறது. ஆண்டுதோறும் மாலை அணிவிக்கப்படுகிறது. அந்த மக்களிடம் சென்று கான்சாகிபுதான் முதல் விடுதலை வீரர் என்று நாம் கூறினால், அவர்கள் முகம் சுளிப்பதை மதவெறுப்பு என்று எண்ணிவிடலாகாது. அவர்களுக்கும் ஒரு துயர நினைவு உண்டு.

இதை இந்து, முஸ்லிம் சண்டையாக்குவோர் வரலாற்றைத் திறந்துகூடப் பாராதவர்கள். பூலித்தேவரோடு தோள்சேர்ந்து நின்றவர்களுள் ஒருவர் நவாபின் தமையனாரான அதே மஹ்பூஸ் கான். இன்னொருவர் நபிகான் கட்டக். மறுபுறம், 1764 அக்டோபர் 13 அன்று மதுரைக் கோட்டைக்குள் யூசுஃப் கானைப் பிடித்துக் கட்டிக்கொடுத்தவர்கள் யார்? அவருடைய திவான் சீனிவாசராவ், மருத்துவர் பாபா சாகிபு, பிரெஞ்சுத் தளபதி மர்ஷான் ஆகியோர். தூக்கிலிட ஆணையிட்டவரோ நவாப் முஹம்மது அலி வாலாஜா. இராணிப்பேட்டைக்கு அருகிலுள்ள வாலாஜாபேட்டை அவர் பெயரைத் தாங்கியது. திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசலும் வாலாஜாவின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. பெயரை வைத்து நம்மவர், பிறர் என்று பிரிப்பதாயின், தூக்கிலிட்டவரும் தொங்கியவரும் ஒரே பட்டியலில் வருவர்.

அவர் ஆங்கிலேயரை எதிர்த்தது விடுதலைக்காகவா? 1761இலும் 1762இலும் ஆண்டுக்கு ஏழு லட்சம் ரூபாய் தருவதாகவும், மேலும் நான்கு ஆண்டுகளுக்குக் குத்தகையைத் தமக்கே நீட்டித்துத் தர வேண்டும் என்றும் அவர் கும்பெனியிடம் கேட்டார். மறுக்கப்பட்டது. நவாபின் கீழ்ப்பட்டவராகவே இருக்க வேண்டும் என்ற நிலை வந்தபோதுதான் அவர் உறவை அறுத்துக்கொண்டார். மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏறியது. ஆக, கலகத்தின் தொடக்கம் குத்தகைப் பூசல் என்பதை மறைப்பதில் பயனில்லை. ஆயினும் அதன் பின்னர் நடந்தது வேறு. 1763 செப்டம்பரில் தொடங்கிய முற்றுகையை ஓராண்டுக்கு மேல் தாங்கினார்; 1764 ஜூனில் நடந்த பெருந்தாக்குதலை முறியடித்தார்; கோட்டைக்குள் பசி வாட்டியபோதும் பணியவில்லை. அவரை வெல்ல இயலாமல், விலைகொடுத்துத்தான் பிடித்தார்கள். 1914இல் அவர் வரலாற்றை எழுதிய எஸ்.சி. ஹில் தம் நூலின் பெயரிலேயே அவரைக் கலகக்காரத் தளபதி என்று குறித்தார். கும்பெனி தூற்றிய அதே சொல்லை நம் மேடைகள் 'விடுதலை வீரர்' என்று மொழிபெயர்த்துக்கொண்டன. இரண்டிலும் 1763க்கு முந்தைய பத்தாண்டுகள் காணாமற்போயின.

மனிதர்களை எடைபோடுவதில் நம் முன்னோரான ஹதீஸ் கலை அறிஞர்கள் வகுத்த முறை இங்கே கைகொடுக்கும். எகிப்தின் காழியாக இருந்த அப்துல்லாஹ் இப்னு லஹீஆ (ஹிஜ்ரி 174இல் மறைந்தவர்) அவர்களை எடுத்துக்கொள்வோம். அவருடைய ஏடுகள் எரிந்துபோன பின் அவர் நினைவில் குழப்பம் நேர்ந்தது. அறிஞர்கள் அவரை முற்றிலும் தள்ளிவிடவில்லை. முற்றிலும் ஏற்கவும் இல்லை. அப்துல்லாஹ் இப்னு முபாரக் போன்று முற்காலத்தில் அவரிடம் கேட்டவர்களின் அறிவிப்பைத் தனியாகவும், பிற்காலத்தில் கேட்டவர்களின் அறிவிப்பைத் தனியாகவும் எடைபோட்டனர். ஒரே மனிதரின் வாழ்வைக் காலத்தால் பகுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் அதற்குரிய தீர்ப்பை வழங்கினர். யூசுஃப் கானின் வாழ்வில் அந்தக் கோடு 1763இல் விழுகிறது. அதற்கு முன் அவர் கும்பெனியின் வாள். அதன் பின் கும்பெனிக்கு எதிரான வாள். பூலித்தேவரோ கும்பெனியின் ஊதியத்தை ஒருநாளும் உண்டவரல்லர். அவரும் தம் பாளையத்துக்காகவே போரிட்டார் என்று வாதிடுவோர் இந்த வேறுபாட்டை மறந்துவிடலாகாது.

இனி, 'ஷஹீத்' என்ற சொல். தொழுகையில் இருந்தபோது பிடிபட்டார் என்ற வழக்கையே பலரும் இதற்குச் சான்றாகக் காட்டுகின்றனர். இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் தமது ஸஹீஹில், இன்னார் ஷஹீத் என்று உறுதியாகக் கூறலாகாது என்ற கருத்தில் தனித்தலைப்பே அமைத்திருக்கிறார்கள். இப்னு இஸ்ஹாக்கின் சீறாவில் வரும் குஸ்மானின் நிகழ்ச்சியும் அறிஞர்களுக்குத் தெரியாததன்று. உஹதுப் போரில் ஏழெட்டு எதிரிகளைத் தனியாளாக வீழ்த்தி, படுகாயத்தோடு கிடந்த அவரிடம் மக்கள் நற்செய்தி கூறியபோது, தம் குலத்தின் மானத்துக்காகவே போரிட்டதாக அவரே வாய்விட்டுச் சொன்னார். பின்னர் வலி பொறாமல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவர் நரகவாசி என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் முன்னரே அறிவித்திருந்தார்கள். கான்சாகிபை அவரோடு ஒப்பிடுவதற்காக நாம் இதைச் சொல்லவில்லை, அல்லாஹ் பாதுகாப்பானாக. குஸ்மானைப் பற்றிய தீர்ப்பு வஹீயின் வழியே வந்தது. நம்மிடம் எவரைப் பற்றியும் அத்தகைய தீர்ப்பு இல்லை. வீரம் கண்ணுக்குத் தெரியும், நிய்யத் தெரியாது என்பதற்கே இதைக் குறிப்பிட்டோம். வீரர் என்று எழுத வரலாறு இடமளிக்கிறது. ஷஹீத் என்று எழுதும் உரிமையை நமக்கு யார் தந்தார்?

கர்நாடகத்தில் திப்பு சுல்தானின் பிறந்தநாளை 2015இல் ஓர் அரசு விழாவாக்கியதையும், 2019இல் மற்றோர் அரசு அதை நிறுத்தியதையும் நாம் கண்டோம். திப்புவின் குடும்பத்தாரைச் சிறைவைத்த வேலூர்க் கோட்டையின் அருகே வாழும் நமக்கு அது வலித்தது. ஆனால் குடகிலும் மலபாரிலும் அவரைப் பற்றிக் கூறப்படுவனவற்றைக் கேட்க மறுத்துக்கொண்டே, கான்சாகிபைப் பற்றி நெற்கட்டும்செவலார் நாம் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எவ்வாறு பொருந்தும்? நமக்கோ, பெற்றோருக்கோ, உறவினருக்கோ பாதகமாயினும் நீதியில் நிலைத்து நிற்க வேண்டும் என்று அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் பணிக்கிறது. வரலாறு கூறுவதும் ஒருவகைச் சாட்சியமே.

மதுரையில் தேனி செல்லும் சாலையோரம், சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தலமும் அதன்மேல் 1808இல் எழுப்பப்பட்ட கான்சாகிபு பள்ளிவாசலும் இருக்கின்றன. உடலைத் துண்டித்துப் பல ஊர்களுக்கு அனுப்பிவிட்டு எஞ்சியதையே அங்கு அடக்கினர் என்பது மக்கள் வழக்கு. மதுரை நகரின் கான்சாமேட்டுத் தெரு இன்றும் அவர் பெயரைச் சொல்கிறது. பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்த 'கான்சாகிபு சண்டை' என்ற கதைப்பாடலை நம் இளைஞர்கள் தேடிப் படிக்க வேண்டும். திரைப்படத்துக்காகக் காத்திருப்பதைவிட அது பயன்தரும்.

விழாக் குழுவினரிடம் நாம் இவற்றையெல்லாம் எடுத்துரைத்தோம். மறு ஆண்டுப் பட்டியலில் கான்சாகிபின் பெயர் நீக்கப்படவில்லை. 'ஷஹீத்' மட்டும் நீங்கியது. '1761இல் கும்பெனிக்காகப் பூலித்தேவரை வென்றவர். 1763இல் கும்பெனியை எதிர்த்து 1764இல் தூக்கிலிடப்பட்டவர்' என்று எழுதச் சொல்லியிருந்தோம். பலகையில் இடம் போதவில்லை என்று ஓவியர் முதற்பகுதியை விட்டுவிட்டார். தென்காசி மாணவர் அதைக் கண்டு நம்மைப் பார்த்தார். அடுத்த ஆண்டுக்குப் பெரிய பலகையாகச் செய்யுமாறு குழுவினரிடம் கூறியிருக்கிறோம்.