தேய்த்தால் தேதி போய்விடும்!

தபால்தலை, நாணயம், கிராமபோன் என்று ஒரு சுற்று வந்தாயிற்று. இப்போது தூண்டில் ரீல்களின் முறை. 19-ம் நூற்றாண்டு ரீல்கள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஏலத்துக்கு வருகின்றன. அவற்றுக்காகவே சேகரிப்பாளர் சங்கங்கள் இருக்கின்றன. நம் பக்கத்துப் பரண்களிலும் ஒன்றிரண்டு கிடக்க வாய்ப்பு உண்டு. நீலகிரி ஓடைகளில் டிரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டவர்கள் வெள்ளைக்காரர்கள். சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றி 1873-லேயே ‘தி ராட் இன் இந்தியா’ என்று தனிப் புத்தகம் எழுதியிருக்கிறார்.

அப்படி ஒரு ரீல் கையில் கிடைத்தால் முதலில் எழும் கேள்வி, இது எந்தக் காலத்தது என்பதுதான். பதில் பெரும்பாலும் ரீலிலேயே இருக்கிறது. ஆனால், அது கண்ணில் அறைகிற மாதிரி இருக்காது.

அமெரிக்காவின் கென்டக்கி மாநில ரீல்களைப் பார்ப்போம். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் என்ற சிற்றூரில் கடிகாரமும் வெள்ளி வேலையும் செய்துவந்த ஜார்ஜ் ஸ்னைடர்தான் அங்கே இதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர். கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் நூல் உருளை பல முறை சுற்றும்படி உள்ளே பல்சக்கரங்களை அமைத்தார். அவருக்குப் பின் ஃபிராங்ஃபோர்ட் நகரில் மீக் சகோதரர்கள் வந்தார்கள். அவர்களும் கடிகாரக்காரர்களே. ஒவ்வொரு ரீலையும் கையால் செய்தார்கள். ஒரு திருகு அதற்குரிய துளையில் மட்டும்தான் சரியாக உட்காரும். கழற்றி மாட்டும்போது இடம் மாறிவிடக் கூடாது என்பதற்காகத் திருகின் தலையிலும் துளையின் பக்கத்திலும் பொடிப் பொடியாக அடையாளம் குத்திவைத்தார்கள். லென்ஸ் இல்லாமல் பார்த்தால் கீறல் என்றுதான் நினைப்போம். அந்த அடையாளங்கள் ஒன்றோடொன்று பொருந்தினால் ரீல் பாகம் மாறாத அசல். பொருந்தவில்லை என்றால் இரண்டு மூன்று ரீல்களை உடைத்துச் சேர்த்த கலப்படம்.

பிறகு பெயர். மீக் குடும்பத்தின் பெயர் பல வடிவங்களில் பொறிக்கப்பட்டிருக்கிறது. சகோதரர்கள் இருவரின் பெயரும் சேர்ந்திருந்தால் பழையது. லூயிவில் நகரின் பெயர் இருந்தால் 1880-களோ அதற்குப் பிறகோ. கனெக்டிகட்டின் பிரிஸ்டல் நகரப் பெயர் இருந்தால், 1916-ல் ஹார்ட்டன் நிறுவனம் வாங்கிய பிறகு ஆலையில் செய்தது. மூன்றிலும் ‘மீக்’ என்ற பெயர் இருக்கிறது. காலமோ முக்கால் நூற்றாண்டு தள்ளிப் போகிறது.

கடிகாரத் தொழிலுக்கும் ரீலுக்கும் உள்ள இந்தப் பந்தம் அமெரிக்காவோடு முடியவில்லை. பிரான்ஸில் கடிகார உதிரி பாகங்களுக்குப் பேர்போன குளூஸ் நகரத்திலிருந்துதான் உலகம் முழுக்க விற்ற ‘மிட்செல் 300’ வந்தது. ஸ்வீடனின் ஆபு நிறுவனம் 1921-ல் கடிகாரத்தில் தொடங்கி, டாக்ஸி மீட்டர் செய்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரீல் பக்கம் திரும்பியது. 1970-களின் ஆபு ரீல்களில் அடிப்பாகத்தைப் பாருங்கள். ஆறு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு ஆண்டு, அடுத்த இரண்டு மாதம், கடைசி இரண்டு அந்த வடிவத்தின் திருத்த எண். 770900 என்றால் 1977 செப்டம்பர். இவ்வளவு நேர்மையாகத் தன் வயதைச் சொல்லும் ரீல்கள் குறைவு.

மற்றவை ஏமாற்றும். மிச்சிகனின் கலமசூ நகரத்தில் ஷேக்ஸ்பியர் நிறுவனம் செய்த மார்ஹாஃப் ரீலில் ‘1964’ என்று பெரிதாகப் பொறித்திருக்கும். அறுபதுகளின் ரீல் என்று பலர் முடிவுகட்டிவிடுவார்கள். அது மாடல் எண். காலம் பக்கத்திலிருக்கும் இரண்டு எழுத்தில் ஒளிந்திருக்கிறது. கே என்றால் 1, ஜே 2, எச் 3, ஜி 4, எஃப் 5, இ 6 என்று எழுத்துகள் பின்னோக்கிப் போகும். ஐ எழுத்து கிடையாது. ‘ஜி.இ.’ என்றால் 46. அதுவும் அந்த வடிவம் தொடங்கிய ஆண்டுதான். உங்கள் கையிலிருப்பது அதற்குப் பிறகும் செய்ததாக இருக்கலாம்.

காப்புரிமைத் தேதியும் இதே ரகம். நியூயார்க்கில் எட்வர்ட் வாம் ஹோஃப் செய்த ரீல்களில் 1896 ஜூலை என்ற தேதி இருக்கும். 1920-களில் செய்த ரீலிலும் அதே தேதிதான். ரீல் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது என்பதை மட்டுமே அந்தத் தேதி சொல்கிறது. ‘ஆக்குபைடு ஜப்பான்’ என்ற முத்திரை இன்னும் கறார்: ஜப்பான் நேச நாடுகளின் பிடியில் இருந்தது 1952 வரைதான்.

இங்கிலாந்தின் ஆனிக் நகரத்து ஹார்டி ரீல்கள்தான் சேகரிப்பாளர்களின் பெரிய ஆசை. 1890-களில் சந்தைக்கு வந்த ‘பெர்ஃபெக்ட்’ முதலில் முழுப் பித்தளை. பிறகு முகம் மட்டும் பித்தளை, உடல் அலுமினியக் கலவை. அப்புறம் முழுக்கக் கலவை. உள்ளே திறந்தால் செய்த தொழிலாளியின் பெயரெழுத்துகள் இரண்டு குத்தப்பட்டிருப்பதுண்டு. அந்த எழுத்துக்காரர் எந்தக் காலத்தில் பட்டறையில் இருந்தார் என்பதை வைத்தே காலத்தைக் கணிப்பார்கள். வெளிப்புறத்தில் ஈயச் சாம்பல் நிறத்தில் ஒரு கருமை பூசியிருக்கும். மீன் கண்ணில் பளிச்சிடக் கூடாது என்பதற்காகவே பூசிய கருமை அது.

என் கவலையெல்லாம் அந்தக் கருமையைப் பற்றித்தான். ரீல் கையில் வந்ததும் நம் ஆட்கள் செய்கிற முதல் காரியம், குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பது. கடைக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய் பஃபிங் மெஷினில் கொடுத்துவிடுகிறார்கள். பழம்பொருள் கடை ஒன்றில் ஒரு பித்தளை ரீலைப் பார்த்தேன். தங்கம்போல மின்னியது. முகப்பில் ஓர் ஊரின் பெயர் இருந்திருக்க வேண்டும். இரண்டு எழுத்தின் நிழல்தான் மிச்சம். திருகுத் தலைகள் மழமழவென்று இருந்தன. யார் செய்தது, எப்போது செய்தது என்று இனி எவராலும் சொல்ல முடியாது. கடைக்காரர் அதைப் பெருமையாகக் காட்டினார். விலையும் கூட்டிச் சொன்னார்.

கையால் பொறித்த எழுத்தின் ஆழம் மயிரிழை அளவுதான். ஒரு முறை மெஷினில் போனாலே பாதி போய்விடும். வெளுத்துப்போன கருமை, கைப்பிடி உரசிய தேய்மானம், திருகு இடுக்கில் பச்சை பூத்த பித்தளை எல்லாம் அழுக்கல்ல, சாட்சி. கண்ணாடிபோல் மின்னும் ரீலை வாங்க, விவரம் தெரிந்த சேகரிப்பாளர் தயங்குவார். விலை குறைவது ஒரு பக்கம் இருக்கட்டும். போன தகவல் திரும்பி வராது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. பழைய ரீலை இன்றும் ஆற்றில் பயன்படுத்துகிறவர்கள், உப்பும் துருவும் ஏறவிட்டால் ரீலே போய்விடும் என்கிறார்கள். உண்மைதான். அதற்கு ஒரு சொட்டு மெல்லிய எண்ணெயும் உலர்ந்த பருத்தித் துணியும் போதும்.

உங்கள் வீட்டுப் பரணில் ரீல் கிடைத்தால் பாலிஷை எடுக்காதீர்கள். அடிப்பாகம், முகப்பு, திருகுகள், பெட்டி என்று எல்லாவற்றையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். உள்ளே திறக்கத் தெரியாவிட்டால் திறக்காதீர்கள். கிழிந்த அட்டைப் பெட்டியையும் தூக்கிப் போடாதீர்கள். அமெரிக்க முகவரியில் ஐந்து இலக்க ஜிப் கோடு இருந்தால் அந்தப் பெட்டி 1963-க்குப் பிந்தையது. அதற்கப்புறம் விஷயம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.