ஒரு நாள் தீவாந்தரம்

ஒரு காலத்தில் ஒருவனைத் தீவுக்கு அனுப்புவதென்றால் அது தண்டனை. 'தீவாந்தரம்' என்ற சொல் காதில் விழுந்தாலே நம் பாட்டிமார் "சிவ, சிவா!" என்பார்கள். இப்போதோ சொந்தக் காசைக் கொடுத்து, வரிசையில் நின்று, தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு ஒரு நாள் தீவாந்தரம் போய்வருகிறார்கள். சாயங்காலம் திரும்பி வரும்போது, "இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருக்கக் கூடாதா?" என்று அங்கலாய்க்கவும் செய்கிறார்கள்!

அமெரிக்காவில் புளோரிடா மாகாணத்திலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பல்களின் சமாசாரம் இது. பெண்ணின் பிரசவத்துக்கென்று அமெரிக்கா போகும் நம் வீட்டு அம்மாக்களை, "மூன்று மாதமாகச் சமையலறையிலேயே இருக்கிறாயே, வா அம்மா" என்று மாப்பிள்ளையும் பெண்ணுமாக இந்தக் கப்பலில் ஏற்றிவிடுகிறார்கள். மூன்று நாள் அல்லது நாலு நாள் பிரயாணம். அதில் ஒரு நாள், கப்பல் கம்பெனிக்கே உரிய கடற்கரை ஒன்றில் இறக்கிவிடுவார்கள். ஊர் இல்லை, கோயில் இல்லை, பஸ் இல்லை. மணலும் கடலும் கம்பெனியும்தான்.

பஹாமா நாட்டில் சுமார் 700 தீவுகள் உண்டு. ஜனங்கள் வசிப்பவை அவற்றில் ஏறக்குறைய முப்பதுதான். மற்றவை சிறியவை. அவற்றைக் 'கீ' என்பார்கள். சிலர் 'கே' என்பார்கள். 1977-ல் நார்வேக்காரர்களின் கப்பல் கம்பெனி ஒன்று கிரேட் ஸ்டிரப் கீ என்ற தீவில் பிரயாணிகளை இறக்கத் தொடங்கியது. கூட்டம் நெரியும் துறைமுகத்துக்குப் பதிலாக ஆளில்லாத் தீவு! யோசனை பலித்தது. மற்றக் கம்பெனிகளும் பின்னாலேயே வந்துவிட்டன. 1996-ல் ஒரு கம்பெனி லிட்டில் சான் சால்வடார் என்ற தீவை வாங்கி, ஹாஃப் மூன் கே என்று பெயர் மாற்றியது. மிக்கி எலியின் சொந்தக்காரரான டிஸ்னி கம்பெனி கோர்டா கீ என்ற தீவைப் பஹாமா அரசாங்கத்திடம் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்து, காஸ்ட்அவே கீ என்று நாமகரணம் செய்து, 1998 முதல் தன் கப்பலை விட்டது. பெரியவர்கள் வைத்த பெயர் எந்தத் தீவுக்கும் நிலைப்பதில்லை போலிருக்கிறது.

இதில் ஒரு சட்ட சூட்சுமமும் உண்டு. இந்தக் கப்பல்களில் பெரும்பாலானவற்றில் பறப்பது அயல்நாட்டுக் கொடி. அப்படிப்பட்ட கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு, வேறு தேசத்தை எட்டிக்கூடப் பார்க்காமல் சுற்றிவந்து இறக்கிவிட முடியாது. 1886-ஆம் வருஷத்துச் சட்டம் அப்படி. பஹாமா மணலில் கால் வைத்துவிட்டால் வேறு தேசம் போனதாகக் கணக்கு. எண்ணெய்ச் செலவும் குறைவு. பிரயாணி ஐஸ்கிரீம் வாங்கினாலும், குடை வாடகைக்கு எடுத்தாலும் பெரும்பாலும் காசு கம்பெனி கல்லாவுக்கே வந்து சேரும்.

கரை சேருவது எப்படி?

அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டென்றால் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான். காஸ்ட்அவே கீயில் கப்பல் நேராகப் பாலத்துறையில் வந்து நிற்கிறது. சாய்வுப் பலகை வழியாக நடந்து இறங்கிவிடலாம். கோகோ கே என்ற தீவுக்கும் 2019-லிருந்து பெரிய பாலத்துறை இருக்கிறது. ஆனால் எல்லாத் தீவிலும் இப்படி இருக்குமென்று நினைத்துவிடக் கூடாது. கிரேட் ஸ்டிரப் கீயில் பல வருஷங்கள் கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்க, சின்னப் படகில் மாறித்தான் கரை போகவேண்டியிருந்தது. படகும் ஆடும், கப்பலும் ஆடும். இரண்டும் சேர்ந்து ஆடும் அந்த ஒரு நிமிஷத்தில் காலை எடுத்து வைக்கவேண்டும். சிப்பந்திகள் இரு பக்கமும் கையைப் பிடித்துக்கொள்வார்கள் என்றாலும், சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு இது நடக்கிற காரியமல்ல. ஆகையால் டிக்கெட் வாங்குமுன், "படகா, பாலமா?" என்று கேட்டுவிடுங்கள்.

காற்று பலமாக அடித்தால் காப்டன் தீவை விட்டுவிட்டுப் போய்விடுவார். குளிர்காலத்தில் இது சகஜம். வசூலித்த துறைமுகக் கட்டணத்தைப் பொதுவாகத் திருப்பித் தருவார்கள். அது சொற்பத் தொகை. பேரக்குழந்தையின் அழுகைக்கு ஈடு கிடையாது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தண்ணீரும் குளிர்ந்திருக்கும். ஆகஸ்டு, செப்டம்பரில் போனால் தண்ணீர் இதமாகத்தான் இருக்கும். ஆனால் அது புயல் காலம்.

இன்னொன்று: கரையில் இறங்கினால் அமெரிக்காவை விட்டு வெளியேறியாயிற்று என்று அர்த்தம். விசா பல முறை நுழைய அனுமதிப்பதுதானா என்பதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். நடுக்கடலில் பார்த்துப் பிரயோஜனமில்லை.

எது இலவசம், எது இல்லை?

மத்தியானச் சாப்பாடு பெரும்பாலும் கப்பல் கட்டணத்திலேயே அடங்கிவிடும். காலையில் நமக்குக் காபி கொடுத்த அதே சிப்பந்திகள் அடுப்பையும் அண்டாவையும் தூக்கிக்கொண்டு நமக்கு முன்னால் தீவில் இறங்கிவிடுகிறார்கள். கோழியும் மாட்டிறைச்சி வகைகளும் தணலில் வாட்டி எடுப்பார்கள். சைவக்காரர்களுக்கு? வேகவைத்த மக்காச்சோளம், பழம், பச்சைக் காய்கறி, ரொட்டி. காய்கறி வடை வைத்த பன்னும் கேட்டால் கிடைக்கும், கேட்கத்தான் வேண்டும். சாதத்தை எதிர்பார்க்காதீர்கள். கப்பல் சாப்பாட்டு அறையிலிருந்து புளியோதரை மாதிரி எதையாவது பொட்டலம் கட்டிக்கொண்டு இறங்கலாமா என்றால், கூடாது. கடையில் வாங்கிப் பிரிக்காத பிஸ்கோத்துப் பொட்டலத்துக்குத் தடை சொல்வதில்லை.

சாய்வு நாற்காலிக்குக் காசு கிடையாது. குடை ஒரு தீவில் இலவசம், இன்னொரு தீவில் வாடகை. குழந்தைகளுக்கு மிதவைச் சட்டை அநேகமாக இலவசமாகவே கொடுப்பார்கள். அதை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். மீன் பார்க்கும் முகக்கண்ணாடி, காற்று மெத்தை, சைக்கிள் எல்லாம் வாடகை. விசிறியும் குளிர்பெட்டியும் வைத்த தனிக் குடில் ஒன்று உண்டு. அதன் வாடகையைக் கேட்டால் நம் வீட்டு இரண்டு மாத மளிகைக் கணக்கு ஞாபகம் வரும். அப்படியும் சில மாதங்களுக்கு முன்பே எல்லாம் பதிவாகிவிடுகின்றனவாம்!

கோகோ கே தீவின் கதை தனி. 25 கோடி டாலர் செலவழித்து அதை 2019-ல் திருவிழாப் பொட்டல் போல ஆக்கிவிட்டார்கள். 135 அடி உயரத்திலிருந்து வழுக்கி விழும் நீர்ச்சறுக்கு, 450 அடிவரை மேலே தூக்கும் பலூன் எல்லாம் அங்கே அமைத்தார்கள். இவற்றுக்கெல்லாம் தனிச் சீட்டு. பிள்ளைகள் குதிப்பார்கள். அமைதியைத் தேடிப் போகிறவர்களுக்கு அது இடமல்ல. காஸ்ட்அவே கீ இதற்கு நேர்மாறு. ஆயிரம் ஏக்கர் தீவில் சுமார் 55 ஏக்கரைத்தான் திருத்தியிருக்கிறார்கள். மற்றது புதர்க்காடு. குழந்தைகள் நுழைய முடியாத கடற்கரை ஒன்றைப் பெரியவர்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். பேரக்குழந்தைகளை அப்பாவிடம் விட்டுவிட்டு அம்மாவும் பாட்டியும் அங்கே போய் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கலாம். மணலில் புதையாத அகலச் சக்கர நாற்காலியும் அங்கே கிடைக்கிறது.

உடை விஷயம் நம்மவர்கள் வாய்விட்டுக் கேட்கத் தயங்குவது. நீச்சலுடை கட்டாயமா? மணலில் கட்டாயமே இல்லை. சல்வார் போதும். புடைவையும் கட்டலாம், ஆனால் அலை நனைத்த புடைவையில் கரையேறுவது எவ்வளவு சிரமம் என்பது மெரினாவில் கால் நனைத்த யாருக்கும் தெரியும். நீர்ச்சறுக்கில் மட்டும் தொங்கும் துணிக்கு இடமில்லை. வெள்ளை மணல் வெயிலைத் திருப்பி அடிக்கும். குடைக்கு அடியில் இருந்தாலும் முகம் கறுக்கும். காலுக்கு ரப்பர் செருப்பு வேண்டும். கப்பல் அறைச் சாவியாக இருக்கும் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். தீவில் பணமும் அதுவே, திரும்பி ஏறுவதற்கு அனுமதிச் சீட்டும் அதுவே. சாயங்காலம் நாலு, நாலரை மணிக்கெல்லாம் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டியிருக்கும். ராத்தங்க ஹோட்டல் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்.

வேலிக்கு அப்பால்

இத்தனை சௌகரியத்துக்கும் நடுவில் ஒரு கேள்வி உறுத்துகிறது. இது யார் கடற்கரை?

ஹெயிட்டி நாட்டின் வடகரையில் லபாடி என்று ஓர் இடம். தீவு அல்ல, வேலி போட்டுப் பிரித்த ஒரு நிலமுனை. 1986-லிருந்து ஒரு கப்பல் கம்பெனி அதைக் குத்தகைக்கு வைத்திருக்கிறது. 2010 ஜனவரி 12-ந் தேதி ஹெயிட்டியில் பூகம்பம் வந்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மூன்று நாள் கழித்து, இடிந்த தலைநகரிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த அந்தக் கடற்கரைக்கு உல்லாசக் கப்பல் வழக்கம்போல் வந்து நின்றது. நிவாரணச் சாமான்களையும் கொண்டுவந்தது என்பதைச் சொல்லவேண்டும். அன்றைய லாபத்தை நிவாரணத்துக்குக் கொடுப்பதாகவும் கம்பெனி அறிவித்தது. அங்கே வேலை பார்க்கும் ஹெயிட்டிக்காரர்களுக்குக் கப்பல் வந்தால்தான் கூலி என்பதும் நியாயம்தான். ஆனாலும் பிரயாணிகளில் சிலரால் இறங்க முடியவில்லை. கப்பலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் செய்தது சரியா, இறங்கிக் கடைக்காரரிடம் நாலு சாமான் வாங்கியவர்கள் செய்தது சரியா? எனக்கென்னவோ வாங்கியவர்கள் பக்கம்தான் மனம் சாய்கிறது. பின்னர் அந்நாட்டுக் கலவரத்தினால் 2024-லும் 2025-லும் கப்பல்கள் அங்கே போவது நிறுத்தப்பட்டது. வேலிக்கு உள்ளே இருந்த கடைகளுக்கும் அந்த நாட்களில் வியாபாரம் இல்லை.

பஹாமாவில் பூகம்பம் இல்லை; அங்கே கதை வேறு. தலைநகரான நஸ்ஸாவில் பே ஸ்டிரீட் என்ற கடைத்தெருவில் ஓலைச் சந்தை ஒன்று இருக்கிறது. கடை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஸ்திரீகள். நம் பக்கத்தில் பனையோலையில் பெட்டியும் கூடையும் முடைவதைப்போல, அவர்கள் ஒருவகைப் பனையின் ஓலையைக் காயவைத்து, நீளமாகப் பின்னி, சுற்றிச் சுற்றித் தைத்துத் தொப்பியும் பையும் செய்கிறார்கள். அந்தத் தீவுகளில் ஒரு காலத்தில் ஆண்பிள்ளைகளின் தொழில் கடற்பஞ்சு எடுப்பது. 1938-ல் பஞ்சில் நோய் கண்டு அந்தத் தொழில் படுத்துவிட்டது. அப்போது பல வீடுகளில் அடுப்பு எரிந்தது பெண்களின் ஓலைப் பின்னலால்தான். 2001-ல் அந்தச் சந்தை தீப்பிடித்து எரிந்தது. புதுக் கட்டிடம் 2011-ல்தான் திறந்தார்கள். அதுவரை தாற்காலிகக் கொட்டகையில் கடை போட்டிருந்தார்கள்.

கப்பல் நஸ்ஸாவுக்கு வராமல் நேரே கம்பெனித் தீவுக்குப் போய்விட்டால், அன்றைக்கு இந்தப் பெண்களுக்கு விற்பனை இல்லை. பஹாமா அரசாங்கம் இதைக் கவனிக்காமலில்லை. 2024 முதல், கம்பெனித் தீவை மட்டும் பார்த்துவிட்டுப் போகும் பிரயாணிக்குத் தலைவரி சற்றுக் கூடுதலாக வாங்குகிறது. சில கம்பெனித் தீவுகளில் உள்ளூர்க்காரர்களுக்குச் சின்னக் கடைகளும் ஒதுக்கியிருக்கிறார்கள்.

நீங்கள் போனால் தண்ணீரில் ஆடிவிட்டு அந்தக் கடைப்பக்கமும் போய்ப் பாருங்கள். நஸ்ஸாவிலும் கப்பல் நிற்குமானால் ஓலைச் சந்தைக்கே நடந்துவிடலாம், துறைமுகத்திலிருந்து கூப்பிடு தூரம்தான். ஒரு விஷயம்: அடுக்கி வைத்திருக்கும் பைகளில் எல்லாமே அங்கே முடைந்தவை அல்ல, சீனாவிலிருந்து மூட்டையாக வந்தவையும் உண்டு. "அம்மா, உங்கள் கையால் பின்னியது எது?" என்று கேளுங்கள். கேட்டால் முகம் மலர்ந்துவிடும். அடியிலிருந்து ஒரு பையை எடுத்துக் காட்டுவார்கள். விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். பேரம் பேசலாம், அங்கே அது வழக்கம்தான். ஆனால் பாண்டி பஜார் பேரம் வேண்டாம்.

காஸ்ட்அவே கீயில் ஒரு சின்னத் தபாலாபீஸ் இருக்கிறது. பஹாமா தபால் தலை ஒட்டி, தீவின் பெயர் பொறித்த முத்திரை குத்தித் தருவார்கள். தபால் தலைக்கு ரொக்கம் வேண்டும், கழுத்து அட்டை செல்லாது; நாலைந்து டாலர் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். மாம்பலத்திலோ மதுரையிலோ தனியாக வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் அகத்துக்காரருக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள். அநேகமாகக் கடிதத்துக்கு முன்னால் நீங்களே வந்து சேர்ந்துவிடுவீர்கள். பரவாயில்லை. வாசலில் தபால்காரர் கொடுக்கும்போது, அவர் என்ன எழுதியிருக்கிறதென்று உங்களுக்கே படித்துக் காட்டட்டும்.