டாக்டர் சாங்கின் முயல்களும் எங்கட மாப்பிள்ளைமாரும்

கலியாணம் முடிச்சு ரெண்டு வருசம் போயிட்டா, "இன்னும் ஒண்டும் இல்லையா?" எண்டு கேட்காத மாமிமார் குறைவு. கேள்வி எப்பவும் மருமகளுக்குத்தான். ஸ்கேனுக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் ஓதிப் பார்க்கவும் அவளைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். மாப்பிள்ளையின் விந்தைப் பரிசோதிக்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னால் வீடே ஊமையாகிவிடும். உயிரியல் படிப்பித்தவன் என்பதால் என்னிடம் தனியாக வந்து விசாரிப்போர் உண்டு. அவர்கள் அதிகம் கேட்பது இது: "சேர், ஆஸ்பத்திரியில அதைக் கழுவுறாங்களாமே, ஏன்?"

இதற்கான பதில் முயல்களில் இருந்து தொடங்குகிறது.

சீனாவில் 1908 இல் பிறந்த மின் சூ சாங், கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் பெற்று, 1945 இல் அமெரிக்காவின் வூஸ்டர் ஆய்வு நிறுவனத்துக்குப் போனவர். முயலை அவர் பயன்படுத்தியதற்குக் காரணம் உண்டு. முயலின் சூலகம் இனச்சேர்க்கை நடந்தால்தான் முட்டையை வெளிவிடும்; அதுவும் ஏறக்குறைய 10 மணித்தியாலம் கழித்து. எனவே முட்டை எப்போது வரும் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம்.

முட்டை வெளிவரும் நேரத்தில் புதிய விந்தணுக்களை நேரடியாகப் பலோப்பியன் குழாய்க்குள் விட்டுப் பார்த்தார். முட்டையும் அங்கே, விந்தணுவும் அங்கே. ஆனால் கருக்கட்டல் நடக்கவில்லை. சில மணித்தியாலங்கள் முன்னதாகவே விட்டபோது நடந்தது. ஆக, விந்தணு பெண்ணின் உடலுக்குள் கொஞ்ச நேரம் தங்கிய பின்னரே முட்டையைத் துளைக்கும் தகுதியைப் பெறுகிறது. 1951 இல் சாங் இதை வெளியிட்டார். அதே ஆண்டில் அவுஸ்திரேலியரான கொலின் ஒஸ்டினும் தனியாக இதே முடிவுக்கு வந்தார். 'கபாசிடேஷன்' என்ற பெயரை வைத்தவர் ஒஸ்டின். ஆற்றல் பெறுதல் என்று நாம் சொல்லலாம்.

1957 இல் சாங் இன்னொன்றைக் கண்டார். ஆற்றல் பெற்ற விந்தணுவை மறுபடி விந்துப் பாய்மத்தில் போட்டால் அது பெற்ற ஆற்றலை இழந்துவிடுகிறது. விந்தணுவைச் சுமந்து வரும் அந்தத் திரவமே அதற்குக் கடிவாளமும் போடுகிறது! அதன் மென்சவ்வில் இருக்கும் கொலஸ்திரோலும் சில புரதங்களும் நீங்கும்போதுதான் ஆற்றல் வருகிறது என்பது பிற்கால ஆய்வுகளில் தெரிந்தது. கழுவுவது இதற்குத்தான். அழுக்கு என்று நினைத்து யாரும் கழுவுவதில்லை. திரவத்தை அகற்றி, நன்றாக நீந்துகிற விந்தணுக்களைப் பிரித்தெடுக்கிறார்கள்.

1959 இல் சாங், முயலின் முட்டையை உடலுக்கு வெளியே கருக்கட்டச் செய்து குட்டிகளையும் பெற்றுக் காட்டினார். கருத்தடை மாத்திரைக்கான மருந்துகளை முயல்களில் சோதித்தவரும் இதே மனிதர்தான் என்பது வேடிக்கை. மனிதரில் இது கைகூட இன்னும் பத்து வருசம் எடுத்தது. ஒஸ்டினின் மாணவர் பெவிஸ்டர் ஹாம்ஸ்டருக்காகத் தயாரித்த கரைசலில்தான், 1969 இல் ரொபர்ட் எட்வர்ட்ஸ் குழுவினரின் மனித முட்டை கருக்கட்டியது. 1978 ஜூலை 25 இல் லூயிஸ் பிரவுன் பிறந்தார். அவருடைய தாயின் பலோப்பியன் குழாய்கள் அடைபட்டிருந்தன.

இது மார்க்கத்துக்கு ஆகுமா என்றும் கேட்கிறார்கள். அப்போது எகிப்தின் முப்தியாக இருந்த ஷெய்க் ஜாதுல் ஹக், 1980 இலேயே பத்வா கொடுத்துவிட்டார்: நிக்காஹ் பந்தத்தில் இருக்கும் கணவன் மனைவியின் விந்தும் முட்டையும் என்றால் ஆகும், மூன்றாம் ஆளுடையது கலந்தால் ஆகாது. நஸப் அதில் தங்கியிருக்கிறது. ஆகவே மாதிரியில் பெயர் சரியாக ஒட்டப்பட்டிருக்கிறதா என்று கேட்க வெட்கப்பட வேண்டாம்.

இனி மாப்பிள்ளைமாருக்கு. பிள்ளைப்பேறு தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரில் ஆணிடமும் குறை இருக்கிறது. தனியே, அல்லது மனைவியுடையதோடு சேர்ந்து. முதல் பரிசோதனைகளில் ஆகவும் லேசானது விந்துப் பரிசோதனைதான். ஊசியும் இல்லை, கத்தியும் இல்லை. இரண்டு முதல் ஏழு நாள் தவிர்ந்திருந்து மாதிரி கொடுத்தால் போதும். ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் எடுக்கும். போன மாதம் கடும் காய்ச்சலில் கிடந்தவருக்கு இந்த மாத ரிப்போர்ட் மோசமாக வரலாம். அதைப் பார்த்து ஒடிந்து போகாமல், காய்ச்சல் வந்த கதையை வைத்தியரிடம் சொல்லி, மூன்று மாதம் கழித்து மறுபடி செய்து பாருங்கள்.