கீழவெண்மணி: வரலாறும் புதினமும்

புதினம் கற்பனை, வரலாறு நடந்தது. இவ்விரண்டையும் இவ்வாறு பிரித்துப் பழகிய நமக்கு, ஒரு புதினத்தை உண்மையானது என்று கூற நேரும்போது தயக்கம் எழுவது இயல்பே. நடவாத உரையாடலையும், பிறவாத மாந்தரையும், எழுதியவர் தம் உள்ளத்தில் படைத்துக்கொண்ட காட்சிகளையும் எப்பொருளில் உண்மை என்பது? ஆயினும் மக்களின் துயரமும் போராட்டமும் தொடர்ந்து புதினங்களாக எழுதப்பட்டே வந்துள்ளன. பிரெஞ்சு எழுத்தாளர் எமிலி சோலா, 1884ஆம் ஆண்டு வட பிரான்சின் அன்சேன் பகுதியில் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அங்குச் சென்று, சுரங்கத்துக்குள்ளும் இறங்கிப் பார்த்தார். அதன் விளைவாகிய 'ஜெர்மினல்' 1885இல் நூலாக வெளிவந்தது. தமிழில் ராஜம் கிருஷ்ணன், தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரின் வாழ்வை நேரில் கண்டறிந்து 'கரிப்பு மணிகள்' என்னும் புதினத்தைப் படைத்தார்.

இத்தகைய எழுத்தாளர் வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்வது யாது? வரலாற்றுக்குத் திருப்பித் தருவது யாது? இவ்வினாவைப் பொதுவாக ஆராய்வதைவிட, ஒரே நிகழ்ச்சி வெவ்வேறு எழுத்துகளில் எவ்வாறு இடம்பெற்றுள்ளது என்று நோக்குவதே பயன்தரும். அதற்கெனக் கீழவெண்மணியை எடுத்துக்கொள்வோம்.

1. நிகழ்ச்சியும் அதன் வேர்களும்

1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு, அந்நாளைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்ப்பகுதியில், நாகப்பட்டினத்துக்கு அணித்தாயுள்ள கீழவெண்மணி என்னும் சிற்றூரில், உழவுத் தொழிலாளர் வாழ்ந்த சேரி தாக்கப்பட்டது. உயிருக்கு அஞ்சி ஒரு சிறு குடிசைக்குள் புகுந்துகொண்ட 44 பேர் அக்குடிசையோடு எரிந்து மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியோருமே. மாண்டவர் அனைவரும் தலித் மக்கள். அன்று மாலை நிகழ்ந்த மோதலில் நிலவுடைமையாளர் தரப்பைச் சேர்ந்த ஒருவரும் கொல்லப்பட்டிருந்தார்.

இக்கொடுமை ஓர் இரவில் முளைத்ததன்று. காவிரிப் பாசனத்தால் செழித்த கீழத்தஞ்சையில் நிலம் சிலரிடமும் உழைப்பு பலரிடமும் இருந்தது. பண்ணையாள் முறையில் கட்டுண்டு கிடந்த தலித் மக்களுக்குச் சவுக்கடியும், சாணிப்பாலைக் கட்டாயமாகக் குடிக்கச் செய்வதும் தண்டனைகளாக இருந்தன. 1940களில் பி. சீனிவாச ராவ் முதலிய பொதுவுடைமை இயக்கத்தினர் இம்மக்களைச் சங்கமாகத் திரட்டியபோது, அத்தண்டனைகளை ஒழிப்பதே முதற் கோரிக்கைகளுள் ஒன்றாயிற்று. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆயினும் கூலி பற்றிய பூசல் ஓயவில்லை.

1960களில் தஞ்சை மாவட்டம் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆடுதுறை 27 போன்ற குறுகிய கால நெல் வகைகள் பரவின, விளைச்சல் பெருகியது. பெருகிய விளைச்சலில் தமக்கும் பங்கு வேண்டுமெனத் தொழிலாளர் கேட்டனர். அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகத் தருக என்பதே வெண்மணியில் எழுந்த கோரிக்கை. நிலவுடைமையாளரோ நெல் உற்பத்தியாளர் சங்கம் என்னும் அமைப்பாகத் திரண்டு, வெளியூர் ஆட்களை வரவழைத்தனர். தொழிலாளர் செங்கொடியை இறக்கிவிட்டுத் தம் சங்கத்தில் சேர வேண்டுமென வற்புறுத்தினர். அரைப்படி நெல்லும் ஒரு கொடியுமே இப்பூசலின் வெளிப்படையான பொருள்கள். எனினும் அவற்றின் பின்னே நின்றது, தலைமுறை தலைமுறையாகக் குனிந்தே நின்ற மக்கள் நிமிர்ந்து பேசத் துணிந்தமையே எனலாம்.

2. ஆவணங்கள் கூறுவன

நிகழ்ச்சிக்குப் பின் ஆவணங்கள் எழுந்தன. கூலிப் பிரச்சினையை ஆராய கணபதியாப் பிள்ளை ஆணையம் அமைக்கப்பட்டது. 1969இல் உழவுத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் இயற்றப்பட்டது. தீவைப்பு வழக்கில், 1970இல் நாகப்பட்டினம் நீதிமன்றம் நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் உள்ளிட்ட சிலருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. ஆனால் 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. செல்வந்தர்களும் கார் வைத்திருப்பவர்களுமான மிராசுதார்கள் தாங்களே நடந்து சென்று தீ வைத்திருப்பர் என்பது நம்பத்தக்கதன்று என்னும் கருத்து அத்தீர்ப்பில் இடம்பெற்றது. மறுபுறம், அன்று மாலை நிகழ்ந்த கொலைக்காகத் தொழிலாளர் சிலர் தண்டனை பெற்றனர். விடுதலை பெற்ற சங்கத் தலைவர் 1980இல் கொலையுண்டார்.

நீதிமன்றம் தன் முன் வைக்கப்பட்ட சான்றுகளைக் கொண்டு, குற்றம் சாட்டப்பட்டவர் இக்குற்றத்தைச் செய்தாரா என்னும் ஒரே வினாவை எழுப்புகிறது. அவ்வினாவுக்கு இல்லை என்று விடை வந்தவுடன் கோப்பு மூடப்படுகிறது. ஆனால் 44 பேர் எரிந்தது மறைந்துவிடுவதில்லை. ஒருவரும் குற்றவாளியாக நிற்காத இடத்தில் 44 சாம்பல் உடல்கள் கிடக்கின்றன. இவ்விடைவெளியிலேதான் இலக்கியம் தன் பணியைத் தொடங்குகிறது. எது இதனை இயலச் செய்தது, எரிந்தவர் எவ்வாறு வாழ்ந்தார்கள், பார்த்து நின்ற சமுதாயம் யாது என்னும் வினாக்களை ஆணையமோ தீர்ப்போ முழுமையாகக் கேட்க இயலாது. அவை புதினத்தின் வினாக்கள்.

3. 'குருதிப்புனல்'

இந்நிகழ்ச்சியைக் களமாகக் கொண்ட முதல் பெரும் தமிழ்ப் புதினம் இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' ஆகும். 1975இல் வெளிவந்த இந்நூல் 1977ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. தில்லியிலிருந்து சிற்றூருக்கு வந்து சேரும் கோபால், சிவா என்னும் கற்றறிந்த இளைஞர் இருவரின் கண்கள் வழியாகவே நாம் அவ்வூரைக் காண்கிறோம். ஆசிரியரும் அவரது வாசகரும் நகர்ப்புற நடுத்தர வகுப்பினர் என்பதை மறைக்காத நேர்மை இவ்வமைப்பில் உண்டு. நகரத்து அறிவாளி எவ்வளவு எளிதில் கோட்பாடு பேசுகிறான், களத்தில் எவ்வளவு கையற்று நிற்கிறான் என்பதையும் புதினம் காட்டுகிறது.

ஆயினும் இந்நூல் வெளிவந்த காலத்திலேயே கடும் மறுப்பை எதிர்கொண்டது. நிலக்கிழாராக வரும் கண்ணையா நாயுடுவின் கொடுமைக்கு அவரது ஆண்மைக் குறையையும் அதனால் விளைந்த தாழ்வுணர்ச்சியையும் ஆசிரியர் ஒரு காரணமாக அமைத்திருந்தார். இடதுசாரித் திறனாய்வாளர் இதனை ஏற்கவில்லை. அவர்கள் எழுப்பிய தடையின் வலிமையை நாம் உணர வேண்டும். கொடுமைக்குக் காரணம் ஒரு மனிதனின் உடற்குறை எனின், அக்குறையில்லாத நிலக்கிழாரின் ஊரில் அக்கொடுமை நிகழாதிருக்க வேண்டும். வரலாறு அவ்வாறு கூறவில்லை. வெண்மணியில் எதிர்நின்றது தனிமனிதன் அன்று, ஓர் அமைப்பு. பூசல் உள்ளத்தின் இருளிலன்று, களத்து மேட்டில் நெல் அளக்கும் மரக்காலில் தொடங்கியது.

இதற்கு மறுமொழியும் உண்டு. புதினம் பொருளாதார நூலன்று; அது மாந்தர் வழியாகவே பேச இயலும். மேலும் நிலத்தின் மீதுள்ள ஆதிக்கமும், சாதிச் செருக்கும், பெண்ணின் மீது ஆண் செலுத்தும் அதிகாரமும் நடைமுறை வாழ்வில் தனித்தனியே இயங்குவனவல்ல, ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பவை. இவ்வாறு வாதிடுவோர் கூறுவதில் பொருளுண்டு. எனினும், ஒரு மாந்தரின் உள்ளத்தைத் திறந்து காட்டுவது வேறு. ஊரறிந்த வரலாற்றுக் காரணத்தை அவ்வுள்ளத்துக்குள் ஒடுக்கிவிடுவது வேறு. இவ்வேறுபாட்டைத் தமிழ் வாசகர் உணர்ந்து வாதிடச் செய்தமையும் அப்புதினத்தின் பயன்களுள் ஒன்று என்பதை மறுப்பதற்கில்லை.

4. 'செந்நெல்'

கால் நூற்றாண்டு கழித்து, 1999இல், சோலை சுந்தரபெருமாள் 'செந்நெல்' என்னும் புதினத்தை வெளியிட்டார். இவர் கீழத்தஞ்சை மண்ணைச் சேர்ந்தவர். அவ்வட்டாரத்தின் பேச்சையும் வேளாண்மையையும் உள்ளிருந்து அறிந்தவர். முந்திய புதினத்தில் வெளியிலிருந்து வந்து காணப்பட்ட மக்கள், இங்கே தம் மொழியில் தாமே பேசுகின்றனர்.

பேச்சு மொழி வெறும் அணியன்று. ஒருவரை இன்னவாறு விளிப்பது, எதிரே நிற்கும்போது துண்டை எங்கே வைப்பது, கூலியை எந்த அளவையால் அளப்பது என்பனவற்றிலேயே ஒரு சமுதாயத்தின் அதிகார அமைப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆணைய அறிக்கையில் கூலி ஓர் எண்ணாக நிற்கும்; புதினத்தில் அதுவே அன்றிரவு அடுப்பு எரியுமா என்னும் வினாவாகிறது. நினைவும் வாய்மொழியும் இவ்வாறு எழுத்தில் ஏறும்போது, ஆவணங்களில் பெயராக மட்டுமே நின்றவர் மனிதராகத் திரும்பி வருகின்றனர்.

5. சொல்வதன் இயலாமை

2014இல் மீனா கந்தசாமி ஆங்கிலத்தில் எழுதிய 'தி ஜிப்ஸி காடஸ்' என்னும் புதினம் வேறொரு வழியை மேற்கொண்டது. நிலவுடைமையாளரின் விண்ணப்பம், கட்சியின் துண்டறிக்கை, மாண்டோர் பற்றிய குறிப்பு எனப் பல்வகை எழுத்துகளின் வடிவில் கதை நகர்கிறது. இடையிடையே கதைசொல்லி குறுக்கிட்டு, இதனை எவ்வாறு சொல்வது, சொல்லத்தான் வேண்டுமா என்று வினவுகிறார். தீ எரிந்த இரவைக் கூறும் அத்தியாயம் இடையே நிற்காத ஒரே நெடிய வாக்கியமாக ஓடுகிறது. வாசகர் மூச்சுவிட இடமில்லை. அக்குடிசைக்குள் இருந்தோருக்கும் இடமில்லாதிருந்தது.

பெருந்துயரத்தைக் கதையாக்கும்போது நேரும் ஆபத்து ஒன்றை இப்புதினம் வெளிப்படையாக எடுத்துக்கொள்கிறது. கதை என்றால் தொடக்கமும் வளர்ச்சியும் முடிவும் வேண்டும். முடிவில் வாசகருக்கு ஏதேனும் ஓர் ஆறுதல் வேண்டும். நடந்ததிலோ ஆறுதல் இல்லை. கலையின் ஒழுங்குக்காக நடந்ததை ஒழுங்குபடுத்தினால், மாண்டவர் நம் இன்பத்துக்குக் கருவியாகிவிடுவர்.

6. வாசகர் கேட்க வேண்டிய வினாக்கள்

மேற்கூறியவற்றிலிருந்து, வரலாற்றையும் போராட்டத்தையும் பொருளாகக் கொண்ட எந்நூலை வாசிக்கும்போதும் நாம் கேட்கத்தக்க மூன்று வினாக்கள் கிடைக்கின்றன.

முதலாவது: இந்நூல் காரணத்தை எங்கே வைக்கிறது? தீயவன் ஒருவனைக் காட்டி அமைந்துவிடுகிறதா, அல்லது அத்தீயவனைத் தாங்கி நிற்கும் நிலவுடைமை, சாதி, சட்டம் ஆகியவற்றையும் காட்டுகிறதா?

இரண்டாவது: இதில் யார் பேசுகிறார்? துன்புற்றோர் பேசுகின்றனரா, அன்றி அவர்களுக்காக வேறொருவர் பேசுகிறாரா? பிறருக்காகப் பேசுவது தவறன்று. சோலா சுரங்கத் தொழிலாளி அல்லர். ஆனால் பேசுகிறவர் தாம் நிற்கும் இடத்தை மறைக்கலாகாது.

மூன்றாவது: இதனை வாசித்து முடித்தபின் நாம் எந்நிலையில் விடப்படுகிறோம்? கண்ணீர் விட்டமையே போதும் என்று நிறைவடைகிறோமா, அன்றி நம் ஊரில் இன்று அளக்கப்படும் கூலியைப் பற்றிக் கேட்கத் தொடங்குகிறோமா?

இவ்வினாக்கள் ஆசிரியரை மட்டும் சோதிப்பன அல்ல, நம்மையும் சோதிக்கின்றன. வெண்மணி எரிந்த இரவு கிறிஸ்து பிறப்பு நாளின் இரவு. தமிழ்நாடெங்கும் ஆலயங்களில் ஏழைக் குழந்தை ஒன்றின் பிறப்பைப் பாடிய நாளில், ஏழைக் குழந்தைகள் குடிசைக்குள் எரிந்தனர். அந்நாளை ஆண்டுதோறும் நினைவுகூரும் இரு திரள்கள் இன்றும் உள்ளன. ஒன்று ஆலயங்களில் கூடுகிறது; மற்றொன்று வெண்மணியின் நினைவிடத்தில், மாண்ட 44 பேருக்கும் அஞ்சலி செலுத்தக் கூடுகிறது. முதல் திரளில் நிற்கும் நம்மில் பலருக்கு இரண்டாவது திரளைப் பற்றி முதன்முதலில் தெரிவித்தது செய்தித்தாளோ பிரசங்கமோ அன்று, ஒரு புதினமாகவே இருத்தல் கூடும்.

அத்தகைய புதினத்திடம் நாம் தீர்ப்பை எதிர்பார்க்கலாகாது. அது எவரையும் தண்டிக்காது. மாண்டவரை எழுப்பவும் மாட்டாது. அரைப்படி நெல் கேட்ட மக்கள் ஏன் எரிக்கப்பட்டனர் என்னும் வினாவை, கோப்புகள் மூடப்பட்ட பின்னரும் மூடாமல் வைத்திருப்பதே அதனால் இயன்ற பணி. அவ்வினாவுக்கு விடை தேட வேண்டிய பொறுப்பு வாசிக்கும் நம்முடையது.