ஏற்றுமதிக்கு ஒரு தரம், நம் சட்டிக்கு ஒரு தரமா?

2015 ஜனவரியில் இலங்கை மீனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் கதவடைத்தது. அதற்கு முன், 2013இல் மட்டும், 7,400 தொன் ரூனாவும் வாள்மீனும் அங்கே போயிருந்தன. பெறுமதி 7 கோடியே 40 இலட்சம் யூரோ. ஆழ்கடலுக்குப் போகும் பலநாட் கலங்கள் எங்கே பிடிக்கின்றன என்று கண்காணிக்க ஒழுங்கான முறை இல்லை, விதி மீறினால் உறைக்கும் தண்டனையும் இல்லை என்பதே குற்றச்சாட்டு. 2012 நவம்பரிலேயே எச்சரிக்கை வந்தும் நாம் போதிய நடவடிக்கை எடுக்கவில்லை. தடை விழுந்த பிறகுதான் கண்காணிப்பும் தண்டனையும் இறுகின. 2016 ஜூனில் தடை நீங்கியது.

வாங்குபவர் கேள்வி கேட்டால் பிடிப்பவரும் விற்பவரும் திருந்துவார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. ஆனால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாங்கும் நாம் விலையைத் தவிர வேறு எதைக் கேட்கிறோம்?

தடை இல்லாமலே திருந்திய உதாரணமும் உண்டு. பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் பிடிபடும் நீல நண்டில் பெரும்பங்கு ஏற்றுமதிக்குப் போகிறது. சிறிய நண்டை ஒரு கம்பனி வேண்டாம் என்றால் அடுத்த கம்பனி வாங்கிவிடும், நல்லவர் நட்டப்படுவார். ஆகவே தனியொருவரால் ஆகாத காரியம் இது. 2013இல் இலங்கைக் கடலுணவு ஏற்றுமதியாளர் சங்கம் அமெரிக்க நண்டு இறக்குமதியாளர்களோடு சேர்ந்து மேம்பாட்டுத் திட்டமொன்றைத் தொடங்கியது. போட்டியாளர்கள் ஒரே மேசையில் இருந்து, நண்டு வளத்தின் கணக்கையும் வலைக் கண்ணின் அளவையும் பற்றி மீனவர்களோடு பேசினார்கள். துறை முழுவதும் ஒரே விதிக்கு உடன்பட்டால்தான் தரம் நிலைக்கும்.

உள்ளூர்ச் சந்தைக்கு அப்படியொரு உடன்பாடு இல்லை. அதனால் வரும் ஆபத்து இரண்டு வகை.

முதலாவது உடலுக்கு. ரூனா வகைகளான கெலவல்லா, சூரை போன்றவை ஐஸ் போதாமல் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற நச்சு சேரும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவத்தல், அரிப்பு, தலையிடி, வாந்தி வரலாம். இதை “மீன் ஒத்துக்கொள்ளவில்லை” என்று விட்டுவிடுகிறோம்.

இரண்டாவது கடலுக்கு. உடலளவு நீண்ட வால் கொண்ட சுறாக்களைப் பிடிப்பது 2012 முதல் தடை. 2015இல் வெண்முனைச் சுறாவும் திமிங்கிலச் சுறாவும் அந்தத் தடையில் சேர்ந்தன. துண்டாக்கிய பின் எது எதென்று தெரியாது. சுறாப்புட்டுக்கு வாங்குவோர் முழு மீனைப் பார்த்து, வெட்டச் சொல்லி வாங்குவதே பாதுகாப்பு. சினை தாங்கிய சிங்க இறாலைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். பெப்ரவரி, செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் சிங்க இறால் பிடிக்கவே கூடாது. அடிமட்ட இழுவைமடியை 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்தது. டைனமைட் வெடித்து மீன் பிடிப்பதும் சட்டவிரோதம்.

சட்டம் நம் கையில் என்ன தந்திருக்கிறது?

• 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டு தருவது வியாபாரியின் கடமை. மீன் பெயர், நிறை, விலை எழுதி வாங்குங்கள்.

• ஒரு மீனை இன்னொன்றாகவோ, பழையதைப் புதியதாகவோ, ஆதாரமில்லாமல் “நிலைபேறான முறையில் பிடித்தது” என்றோ விற்பது பொய்யான எடுத்துரைப்பு. அதே அதிகார சபையை 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். எழுத்து மூல முறைப்பாட்டை, மீன் வாங்கிய 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்.

• கெட்ட மீன், அசுத்தமான கடை என்றால் மாநகர சபையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டம் அவருக்கு அதிகாரம் தருகிறது. மிச்ச மீனை எறியாமல், சான்றாகக் குளிரூட்டியில் வையுங்கள்.

• தடைசெய்த இனம் விற்கப்பட்டால் கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

• எத்தனை சோதனை நடந்தது, எத்தனை வழக்குப் போட்டார்கள் என்று 2016ஆம் ஆண்டின் தகவலுக்கான உரிமைச் சட்டப்படி, தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

சட்டம் குற்றம் நடந்த பிறகுதான் வரும். அதற்கு முன்பே செய்யக்கூடியது, ஏற்றுமதியாளர்கள் செய்தது போன்ற கூட்டு முடிவு. பேலியகொடை மொத்த வியாபாரிகளும், காலி வீதி உணவகங்களும், சூப்பர் மார்க்கட்டுகளும் கூடி மூன்றே விதிக்கு உடன்படட்டும்: இறங்குதுறை எதுவென்று எழுதுவது, பிடிபட்ட முறையைச் சொல்வது, சினையும் பிஞ்சும் வாங்காதது. கள்ளத்தனமாக வாங்கும் ஒருவனுக்குச் சந்தையே இடம் கொடுக்காவிட்டால் மீன்பிடியும் மாறும்.

நாளை மீன்கடையில் விலை கேட்கும்போதே இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள்: “எந்தத் துறை மீன்? எப்போது இறக்கியது?” பதில் சொல்லத் தெரிந்த கடையிலேயே வாங்குங்கள்.