சம்பந்தப் பெருமாள் போன ஊருக்கு

கோவில்பத்திலிருந்து குவான்சோவுக்குக் கையைக் கடிக்காத சீனப் பயணம்

காரைக்கால் கோவில்பத்தில் இருக்கும் பார்வதீசுவரர் கோயில்தான் ஞானசம்பந்தர் பாடிய திருத்தெளிச்சேரி. அவர் பெயரைத் தாங்கிய சம்பந்தப் பெருமாள் என்ற ஒருவர், 1281-ல் சீனாவின் குவான்சோ துறைமுகத்தில் சிவனை எழுந்தருளச் செய்து, அதைத் தமிழில் கல்வெட்டாகவும் பொறித்தார். அதற்கு 14 ஆண்டுகள் முன்பு, 1267-ல், சீனர்கள் நாகப்பட்டினத்தில் ஒரு கோபுரம் கட்டியிருந்தார்கள். இரண்டு கரைகளும் ஒன்றையொன்று அவ்வளவு நன்றாக அறிந்திருந்த காலம் அது.

சீனா போக ஆசைப்படும் டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பெய்ஜிங், ஷாங்காய், சியான் என்று ஒரே மூச்சில் ஓடாதீர்கள். ஊர் விட்டு ஊர் தாவும் பயணத்தில்தான் பணம் கரைகிறது. குவான்சோ இருக்கும் ஃபூஜியான் மாகாணம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பத்து நாள் நிதானமாகப் பாருங்கள். செலவு குறையும், மனசும் நிறையும்.

திருச்சியே வாசல்

சென்னைக்குப் போக வேண்டியதில்லை. காரைக்காலில் ரயிலேறினால் நாகை, திருவாரூர், தஞ்சை வழியாகத் திருச்சி. அங்கிருந்து கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் சிக்கன விமானங்கள் உண்டு. கோலாலம்பூரிலிருந்து ஃபூஜியானின் சியாமென் நகருக்கு நேரடி விமானம் கிடைக்கும். மலேசியாவுக்குள் நுழைய இந்தியர்களுக்கு 2026 டிசம்பர் 31 வரை விசா வேண்டாம். டிஜிட்டல் வருகை அட்டையை மட்டும் முன்கூட்டியே நிரப்பிவிட வேண்டும்.

ஒன்றை மறக்காதீர்கள். இரண்டு விமானத்துக்கும் தனித்தனியாக டிக்கெட் எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறிப்போனால் நஷ்டம் நம் தலையில்தான். போகும்போது கோலாலம்பூரில் ஓர் இரவு தங்குவது நல்லது. பெட்டிக்குத் தனிக் கட்டணம் என்பதால் கைப்பையோடு கிளம்புவதே லாபம்.

விசாவும் நாளும்

இந்தியர்களுக்கான சுற்றுலா விசாவைச் சீனா 2025 ஜூலை 24 முதல் மீண்டும் வழங்குகிறது. விண்ணப்பத்தோடு விமான டிக்கெட்டையும் தங்குமிட முன்பதிவையும் காட்ட வேண்டியிருப்பதால், ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் விடுதியாகப் பதிவு செய்யுங்கள். அக்டோபர் முதல் வாரம், மே முதல் வாரம், சீனப் புத்தாண்டு ஆகிய நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். நாடே விடுமுறையில் கிளம்பும் நாட்கள் அவை. அறை வாடகை ஏறிவிடும், ரயிலில் இடம் கிடைக்காது. ஜூலை முதல் செப்டம்பர் வரை சூறாவளிக் காலம். நவம்பரில் நம் ஊரில் மழை கொட்டும்போது அங்கே வானம் தெளிந்திருக்கும்.

அங்கே போனதும்

கடைகளில் ரொக்கத்தை விட அலிபே, வீசாட் செயலிகளே அதிகம் புழங்குகின்றன. ஊரிலிருந்தே உங்கள் சர்வதேச கார்டை அவற்றில் இணைத்துவிடுங்கள். வெளிநாட்டு கார்டுக்கு 200 யுவானுக்கு மேல் போகும் ஒவ்வொரு கட்டணத்துக்கும் 3 சதவீதம் கூடுதலாகப் பிடிப்பார்கள். கூகுள், வாட்ஸ்அப் இரண்டும் அங்கத்திய இணையத்தில் திறக்காது. ரோமிங் சிம் வைத்திருந்தால் தவிப்பு இல்லை.

சைவச் சாப்பாட்டுக்குப் பௌத்தக் கோயில்களைத் தேடிப் போங்கள். சியாமெனின் நான்புத்துவோ கோயில் உணவகம் அதற்கே பெயர் பெற்றது. மற்ற இடங்களில் ‘இறைச்சி, மீன், முட்டை வேண்டாம்’ என்று சீனத்தில் எழுதிய ஒரு சீட்டு சட்டைப்பையில் இருந்தால் போதும்.

சம்பந்தப் பெருமாளின் கல்வெட்டு சியாமென் பல்கலைக்கழகத்தின் மானிடவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வளாகத்துக்குள் போக முன்பதிவு தேவை. சியாமெனிலிருந்து குவான்சோவுக்கு அதிவேக ரயிலில் அரை மணி நேரம்தான்.

யுனெஸ்கோ 2021-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த ஊர் குவான்சோ. அங்கே காய்யுவான் கோயிலுக்கும் கடல்சார் அருங்காட்சியகத்துக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அங்கே யானை லிங்கத்தை வழிபடும் சிற்பத்தைப் பார்க்கையில் திருவானைக்கா நினைவு வராமல் போகாது. காய்யுவானில் பிரதான மண்டபத்தின் பின்புறம் போய் நில்லுங்கள். அவ்வூரில் இருந்து இடிந்துபோன நம் கோயில் ஒன்றின் இரண்டு தூண்களைச் சீனர்கள் தங்கள் புத்தர் மண்டபத்துக்கு எடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். அவற்றில் நரசிம்மர் இருக்கிறார். யானையைக் காக்க வந்த திருமால் இருக்கிறார். கோபியர் சேலையைக் கவர்ந்த கண்ணன் இருக்கிறான்.

ஊர் திரும்பியபின் ஒரு மாலை நாகப்பட்டினம் கடற்கரைக்குப் போய்வாருங்கள். காரைக்காலிலிருந்து பஸ்ஸில் 20 கிலோமீட்டர். அறுநூறு ஆண்டுகள் மாலுமிகளுக்கு அடையாளமாக நின்ற சீனக் கோபுரம் இன்று அங்கே இல்லை. 1867-ல் அதை இடித்துவிட்டார்கள். நம் தூண்களை அவர்கள் இன்னும் வைத்திருக்கிறார்கள். அவர்கள் கோபுரம் எங்கே நின்றது என்பதையாவது நம் பிள்ளைகளுக்குக் காட்டி வைப்போம்.