ஒரே பெயரில் வாழ்ந்த இரு மண்புழுக்கள்

இரவு முழுவதும் பெய்த மழை ஓய்ந்த காலைகளில், ஐரோப்பிய நகரங்களின் நடைபாதைகளில் மண்புழுக்கள் நீண்டு கிடப்பதைக் காணாதவர் நம்மில் இரார். அதிகாலை வேலைக்கு விரைவோர் அவற்றைத் தாண்டிச் செல்வர். அண்மையில் அவ்வாறான ஒரு காலையில், பாடசாலைக்கு அழைத்துச் சென்ற நண்பரின் மகள் குனிந்து நின்று, "மாமா, இதுவும் எங்கட ஊர்ப் புழுவும் ஒன்றோ?" என்று கேட்டாள். அவள் ஊரைக் கண்டவள் அல்லள். "புழு எங்கும் புழுதானே" என்று சொல்லி நடந்துவிட்டேன். பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் கற்பித்த ஒருவன் சொல்லத்தகாத விடை அது என்பது பின்னரே உறைத்தது.

நாக்கிளிப் புழு என்றும் நாங்கூழ் என்றும் தமிழ் அறிந்த இச்சிற்றுயிரின் உழைப்பைப் போற்றியவர் பலர். சார்ள்ஸ் டார்வின் தம் இறுதி நூலை மண்புழுக்களுக்கே அர்ப்பணித்தார். அது 1881 இல் வெளிவந்தது. பத்தாண்டுகள் கழித்து, 1891 இல் வெளிவந்த 'மனோன்மணீயம்' நாடகத்திலும் பெ. சுந்தரம்பிள்ளை நாங்கூழின் தொண்டை வியந்து பேசவைத்தார். ஆயினும், எந்த மண்புழு என்று கேட்டவர் சிலரே. உலகில் இதுவரை 5,000 இற்கும் மேற்பட்ட இனங்கள் பெயரிடப்பட்டுள்ளன. பெயரிடப்படாதவை இன்னும் மண்ணுக்குள் உள்ளன.

கண்ணும் காதும் காலும் அற்ற ஓர் உயிரை இன்னொன்றிலிருந்து எவ்வாறு பிரித்தறிவது? ஆய்வாளர் முதலில் அதன் உடல் துண்டங்களைத் தலையிலிருந்து எண்ணுவர். வளர்ந்த புழுவின் உடலிற் சேணம் போன்ற ஒரு தடித்த பட்டி இருக்கும். ஐரோப்பாவின் பெரும் மண்புழுவான 'லும்பிரிக்கஸ் ரெரஸ்திரிஸ்' என்பதில் அது 32 ஆம் துண்டத்திலிருந்து 37 ஆம் துண்டம் வரை அமையும். ஆண் துவாரங்கள் 15 ஆம் துண்டத்திற் காணப்படும். ஒவ்வொரு துண்டத்திலும் நான்கு சோடிச் சிலிர்முட்கள் இருக்கும். இலங்கையின் 'மெகாஸ்கோலெக்ஸ்' பேரினத்திலோ சிலிர்முட்கள் துண்டத்தைச் சுற்றி வளையமாக அமைந்திருக்கும். ஆண் துவாரங்கள் 18 ஆம் துண்டத்தில் இருக்கும். இவையும் போதாவிடின், உடலைக் கீறி, அரைவைப்பையும் விந்து சேமிக்கும் பைகளும் எத்துண்டத்தில் உள்ளன என்று நுணுக்குக்காட்டியின் கீழ்ப் பார்ப்பர். ஆகவே அச்சிறுமியின் கேள்விக்கு உரிய விடை, "இல்லை அம்மா, அவை வெவ்வேறு குடும்பங்கள்" என்பதாகும்.

இதுவரை எவரும் விவரிக்காத ஒரு புழு அகப்பட்டால், அதற்குப் பெயர் சூட்டும் முறை கண்டிப்பானது. இலத்தீன் வடிவில் இரு சொற்களாலான பெயரும், பிற இனங்களிலிருந்து அது வேறுபடும் விதமும் முறைப்படி வெளியிடப்பட வேண்டும். யாவற்றுக்கும் மேலாக, ஓர் உடல் அப்பெயருக்குச் சான்றாக நூதனசாலையில் வைக்கப்பட வேண்டும். எவ்விடத்தில், எந்நாளில், யாரால் எடுக்கப்பட்டது என்ற சிறு துண்டுச் சீட்டும் அதனோடு இருக்கும். பின்னாளில் ஐயம் எழுந்தால் அச்சான்றுடலே இறுதிச் சாட்சி. ஊர் எது, திகதி எது, ஆதாரம் எது என்ற கேள்விகளை விசாரணை மேசைகளின் முன்னே கேட்டுப் பழகிய நமக்கு இம்முறையை விளக்க வேண்டியதில்லை.

இச்சாட்சியின் வலிமையை 2010 இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. லும்பிரிக்கஸ் ரெரஸ்திரிஸ் என்ற பெயரை 1758 இல் இட்டவர் சுவீடன் நாட்டு லினேயஸ். 1826 இல் பிரெஞ்சு அறிஞர் சவிஞி, 'ஹெர்குலியம்' என்ற பெயரில் ஒரு பெரும் புழுவை விவரித்தார். பின்வந்தோர் இரண்டும் ஒன்றே எனக் கருதி, சவிஞியின் பெயரை ஒதுக்கிவிட்டனர். தோற்றத்தில் அவற்றைப் பிரிக்க உறுதியான அடையாளம் ஏதும் இல்லை. ஒன்று சற்றுப் பெரிது, மற்றது சற்றுச் சிறிது. அந்த அளவுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிவன.

கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போல் ஹேபர்ட் 2003 இல் ஒரு வழியை முன்வைத்தார். கடைப் பொருள்களின் பட்டைக்குறி போல, இழைமணியில் உள்ள ஒரு பரம்பரையலகின் சிறு பகுதியைக் கொண்டே விலங்கினங்களை அடையாளம் காணலாம் என்பது அது. சாமுவேல் ஜேம்ஸும் உடன் ஆய்வாளர்களும் இம்முறையை மண்புழுக்களில் பிரயோகித்தனர். ஒரே பெயரிட்டு வைத்திருந்த புழுக்கள் இரு தெளிவான வழிகளாகப் பிரிந்தன. ஒரு வழி, பெயருக்குரிய சுவீடன் புழுக்களைச் சேர்ந்தது. மற்றது எது? சவிஞியின் பழைய மாதிரிகளுள் ஒன்றிலிருந்து, ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்குப் பின்னர், டி.என்.ஏ. பெறப்பட்டது. அது மற்றைய வழியோடு பொருந்தியது. ஒதுக்கப்பட்ட பெயர் உயிர்பெற்றது. சுவீடன் புழுவுக்கும் புதியதொரு சான்றுடல் அறிவிக்கப்பட்டது.

இது பெயர்த் தகராறு மட்டுமன்று. அதுவரை ரெரஸ்திரிஸ் என்று எழுதப்பட்ட ஆய்வுகளில் எவை எந்தப் புழுவைப் பற்றியவை என்ற ஐயம் எழுந்தது. இவ்வாறே, எருக்குவியல்களில் வாழும் 'ஐசீனியா' புழுக்களிலும் இரு இனங்கள் நெடுங்காலம் ஒன்றாகவே எண்ணப்பட்டன. பூச்சிகொல்லிகளின் நச்சுத்தன்மையைச் சோதிக்கப் பயன்படுபவை அவை. சோதிக்கப்பட்ட உயிர் எதுவெனத் தெரியாவிடின் சோதனையின் முடிவை எவ்வாறு நம்புவது?

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. வட அமெரிக்காவின் வடபகுதி முன்னொரு காலத்திற் பனிப்பாளங்களின் கீழ்க் கிடந்தமையால், அங்கு இன்று காணப்படும் மண்புழுக்களிற் பெரும்பாலானவை ஐரோப்பியக் குடியேறிகளோடு வந்தவை. மினசோட்டாவின் காடுகளில் அவை இலைச் சருகை விரைந்து தின்று, நிலத்துச் செடிகளுக்குக் கேடு விளைக்கின்றன. ஒன்ராறியோவின் வயல்களில், தலையில் விளக்குக் கட்டிய குடிவரவாளர்கள் இரவிரவாகப் பொறுக்கும் தூண்டிற் புழுவும் இந்த ரெரஸ்திரிஸ்தான். 2010 ஆம் ஆண்டு ஆய்வின்படி, ஹெர்குலியஸ் ஐரோப்பாவுக்கு வெளியே அதுவரை காணப்படவில்லை. உருவில் இரட்டையரான இருவருள் ஒருவர் கடல் கடந்தார். மற்றவர் ஊரிலேயே தங்கினார்.

நம் மண்ணின் புழுக்களுக்கும் இதில் பங்குண்டு. இலங்கையின் நீலநிற மண்புழுவான 'மெகாஸ்கோலெக்ஸ் செருலியஸ்' என்பதை 1844 இல் விவரித்தவர், அங்கு பணியாற்றிய இராணுவ வைத்தியர் றொபேட் ரெம்பிள்ரன். இந்தியா, இலங்கை, பர்மா ஆகிய நாடுகளின் புழுக்களை ஆராய்ந்து 1909 இற் பெருநூல் வெளியிட்ட வில்ஹெல்ம் மிக்கெல்சன், ஹம்பேர்க் நூதனசாலையிற் பணியாற்றியவர். அந்த நூதனசாலைக் கட்டடம் 1943 இன் குண்டுவீச்சில் அழிந்தது. முன்கூட்டியே இடம்மாற்றியிருந்தமையால், அற்ககோலில் இட்ட உடல்கள் தப்பின. எரியும் நகரில் யாரோ சிலர் புழுக்கள் மிதக்கும் போத்தல்களையும் காக்கத்தக்கவை என்று எண்ணியிருந்தனர். நூலகம் எரிந்த மண்ணிலிருந்து வந்த நாம் அவர்களை எளிதில் மறவோம்.

ஒத்த தோற்றம் ஒரே இனத்துக்குச் சான்றாகாது. எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு காக்கப்பட்டிருந்தால், தொலைந்த பெயரும் ஒருநாள் மீளலாம். இதையே அந்தப் புழுக்களின் கதையிலிருந்து நான் கற்றேன்.

மறுமுறை மழை பெய்த காலையில் நானே அச்சிறுமியை நிறுத்தி, சரியான விடையைச் சொன்னேன். அவள் ஓர் இலையால் புழுவை எடுத்து, வேலியோர மண்ணில் விட்டாள். பின்பு, "அப்ப எங்கட ஊர்ப் புழுவின்ர பெயரை எழுதித் தாங்கோ" என்றாள். அவளுடைய கொப்பியிற் தமிழிலேயே எழுதிக் கொடுத்தேன்.